எல்லை தாண்டாத பணம், எல்லை தாண்டும் தரவு: பன்னாட்டு மரபணுத்தொகுதி ஆய்வுக்கான அரசு நிதி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓர் உயிரினத்தின் செல்லில் உள்ள டி.என்.ஏ. முழுவதையும் சேர்த்து மரபணுத்தொகுதி என்கிறோம். பேச்சில் ஜீனோம் என்ற சொல்லே புழங்குகிறது. அதன் வேதி 'எழுத்துகள்' எந்த ஒழுங்கில் அமைந்திருக்கின்றன என்று கண்டறிவதே வரிசைப்படுத்துதல். அதை வரிசைப்படுத்திப் படித்தறிந்த பெரிய திட்டங்களில் பல, நாடுகள் சேர்ந்து செய்தவை. அவற்றுக்கு யாருடைய பணம், எந்த வழியில், எந்த நிபந்தனையோடு வந்தது, இன்று எப்படி வருகிறது என்று ஆய்வு மாணவர்களும் கல்லூரி ஆசிரியர்களும் வரி கட்டுகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு, இந்தியாவின் அனுபவத்தை நடுவில் வைத்து இங்கே விடை தரப்படுகிறது.

ஒரு நாடே தனியாகச் செய்துகொள்ளக்கூடிய வேலைக்குப் பல நாடுகள் எதற்கு?

தொடக்கத்தில் காரணம் செலவுதான். 1990 அக்டோபரில் தொடங்கிய மனித மரபணுத்தொகுதித் திட்டத்துக்கு 15 ஆண்டுகளும் 300 கோடி டாலரும் தேவைப்படும் என்று கணக்கிட்டிருந்தார்கள். 2001-ஆம் ஆண்டு நிலவரப்படி ஒரு மனிதரின் மரபணுத்தொகுதியை வரிசைப்படுத்த ஏறத்தாழ 10 கோடி டாலர் ஆகியிருக்கும். இன்று அதே வேலை சில நூறு டாலரில் முடிந்துவிடுகிறது. ஆகவே செலவைப் பங்கிட்டுக்கொள்வது என்ற பழைய காரணம் பெரும்பாலும் தேய்ந்துபோய்விட்டது.

இன்றைய காரணம் மாதிரிகள்தான். ஓர் அரிய நோயாளியிடம் காணப்படும் ஒரு மரபணு மாற்றம் நோய்க்குக் காரணமா, அல்லது அந்த மக்கள் கூட்டத்தில் நலமாக இருப்பவர்களிடமும் இயல்பாகவே உள்ளதா என்பதை, பல மக்கள் கூட்டங்களின் தரவை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் சொல்ல முடியும். ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவு மட்டும் குவிந்திருக்கும் இடத்தில் தமிழ்நாட்டு நோயாளி ஒருவரின் மரபணு அறிக்கை வந்தால், அதில் 'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்ற குறிப்புகள் கூடுதலாக இருக்கும். பயிர்களிலும் இதே நிலைதான். ஒரு பயிரின் காட்டு உறவினங்கள் ஒரு நாட்டின் எல்லைக்குள் அடங்கி வளர்வதில்லை.

இத்தகைய திட்டங்களுக்கு எல்லா நாடுகளும் பணம் போடும் பொதுப் பெட்டி ஒன்று உண்டா?

பெரும்பாலும் கிடையாது. இதைப் புரிந்துகொண்டால் கீழே வரும் விடைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

சிறுவயதில் கூட்டாஞ்சோறு ஆக்கியவர்களுக்கு அதன் முறை தெரியும்: ஒரு வீட்டிலிருந்து அரிசி, ஒரு வீட்டிலிருந்து பருப்பு, இன்னொரு வீட்டிலிருந்து விறகு என்று வந்து சேரும், சமையல் ஓரிடத்தில் நடக்கும். மரபணுத்தொகுதித் திட்டங்களில் சமையலும் அவரவர் வீட்டிலேயே நடக்கிறது. பந்தி மட்டுமே பொது. ஒவ்வோர் அரசும் தன் நாட்டு ஆய்வகங்களுக்குத் தன் விதிப்படி நிதி ஒதுக்குகிறது, அந்த ஆய்வகங்கள் உடன்பாட்டில் தமக்கு வந்த பங்கைச் செய்து முடிக்கின்றன, முடிவில் கிடைக்கும் வரிசைத் தரவு பொதுத் தரவுத்தளத்தில் சேர்கிறது. எல்லை தாண்டுவது தரவுதான். பணம் கருவூலத்திலிருந்து கிளம்பி உள்ளூர் ஆய்வகத்தில் நின்றுவிடுகிறது.

இதற்கு விலக்குகள் உண்டு. இரண்டு அரசுகள் சேர்ந்து ஒரு கூட்டு அமைப்பை நிறுவி, அதன் வழியாக இரு நாட்டு ஆய்வாளர்களுக்கும் நிதி தருவது ஒரு வகை. 1987-இல் தொடங்கிய இந்திய-பிரெஞ்சு உயர் ஆராய்ச்சி மேம்பாட்டு மையமும், 2000-இல் அமைந்த இந்திய-அமெரிக்க அறிவியல் தொழில்நுட்ப மன்றமும் அத்தகையவை. 2008-இல் தொடங்கிய இந்தியா அலையன்ஸ் கொஞ்சம் வேறுபட்டது. அதில் இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையோடு சேர்ந்து பணம் போடுவது வேறோர் அரசு அன்று, பிரிட்டனின் வெல்கம் என்ற அறக்கட்டளை. ஒரு நாடு தன் பணத்தை நேரடியாகவே வேற்று நாட்டு ஆய்வகத்துக்குத் தருவது மற்றொரு வகை. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள் நெடுங்காலமாக அப்படி நேரடியாகவும், அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வழியாகவும் தந்துவந்தன. அந்த வழி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பது பின்னால் வருகிறது.

மனித மரபணுத்தொகுதித் திட்டத்துக்கு எந்த நாடுகள் பணம் கொடுத்தன? அதில் இந்தியா இருந்ததா?

அமெரிக்கா, பிரிட்டன், ஜப்பான், பிரான்ஸ், ஜெர்மனி, சீனா ஆகிய ஆறு நாடுகளின் 20 மையங்கள் அதில் பங்கேற்றன. இந்தியா இல்லை.

அமெரிக்காவில் பணம் இரண்டு அரசு அமைப்புகளிலிருந்து வந்தது. ஒன்று தேசிய சுகாதார நிறுவனங்கள். மற்றொன்று எரிசக்தித் துறை. எரிசக்தித் துறைக்கும் மரபணுவுக்கும் என்ன தொடர்பு என்று வியப்பவர்கள் உண்டு. அணுகுண்டுக் காலத்திலிருந்தே, கதிர்வீச்சு மனித மரபுப் பொருளை எப்படிச் சிதைக்கிறது என்ற ஆய்வு அந்தத் துறையின் பொறுப்பில் இருந்தது. பிரிட்டனில் பெரும்பங்கு பணம் போட்டது வெல்கம் அறக்கட்டளை. அதன் உதவியில் இயங்கிய சாங்கர் மையம் மட்டுமே மொத்த வரிசையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைச் செய்தது. சீனா 1999-இல்தான் வந்து சேர்ந்தது, எடுத்துக்கொண்ட பங்கு 1 விழுக்காடு. 2003 ஏப்ரலில் பணி முடிந்தபோது அமெரிக்கத் தரப்பின் செலவு 1991-ஆம் ஆண்டு மதிப்பில் 270 கோடி டாலர் அளவில் நின்றது. அரசுத் திட்டம் ஒன்று, சொன்ன செலவுக்குள், சொன்ன காலத்துக்கும் முன்பாகவே முடிந்தது என்பதை இங்கே ஒரு வரி குறித்துவைக்கலாம். அடிக்கடி எழுதக் கிடைக்கும் வரி அன்று.

அப்படியானால் இந்திய அரசு முதன்முதலில் பெரிய அளவில் பணம் போட்டுச் சேர்ந்தது எதில்?

நெல்லில். இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நாட்டு நிதியும் பன்னாட்டு உழைப்பும் பிணையும் விதம் இதில்தான் தெளிவாகத் தெரிகிறது.

நெல் மரபணுத்தொகுதி ஆய்வை ஜப்பான் 1991-இலேயே தொடங்கிவிட்டது. அந்நாட்டு வேளாண் அமைச்சகத்தின் அந்தத் திட்டத்துக்கு முதல் கட்டத்தில் ஜப்பான் குதிரைப் பந்தயச் சங்கத்தின் பணமும் வந்தது. பந்தயத்தில் தோற்றவர்களின் காசு நெல்லாய் விளைந்தது என்று சொன்னால் மிகையாகாது. 1997-இல் சிங்கப்பூரில் கூடிய அறிவியலாளர்கள், 'நிப்பான்பாரே' என்ற ஒரே ஜப்பானிய ரகத்தை எல்லோரும் எடுத்துக்கொண்டு, 12 குரோமோசோம்களையும் தமக்குள் பிரித்து வரிசைப்படுத்துவதென்று முடிவு செய்தனர். ஜப்பான் 1, 2, 6, 7, 8, 9 ஆகியவற்றின் பெரும்பகுதியை ஏற்றது. சீனாவுக்கு 4, தைவானுக்கு 5, அமெரிக்காவுக்கு 3, 10 ஆகியவையும் 11-இன் ஒரு பகுதியும், பிரான்சுக்கு 12 என்று பங்கீடு அமைந்தது.

இந்தியா 2000-ஆம் ஆண்டில் 11-ஆம் குரோமோசோமின் நீண்ட கையில், அதாவது அதன் நீளமான பக்கத்தில், ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டு உள்ளே வந்தது. உயிரித் தொழில்நுட்பத் துறையும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகமும் நிதி தந்தன. தில்லிப் பல்கலைக்கழகத்தின் தெற்கு வளாகமும், இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவன வளாகத்தில் இருந்த தேசியத் தாவர உயிரித் தொழில்நுட்ப ஆராய்ச்சி மையமும் வேலையைச் செய்தன. குரோமோசோம் வாரியாகப் பிரித்ததில் அறிவியல் வசதியோடு கணக்கு வசதியும் இருந்தது. நிதி தரும் அமைச்சகத்திடம், "இந்தப் பணத்துக்கு இந்தத் துண்டு, முடிந்ததா இல்லையா என்று நீங்களே பார்க்கலாம்" என்று காட்ட முடிந்தது. தணிக்கையாளருக்கும் புரியும்படி ஓர் அறிவியல் திட்டத்தை வகுப்பது எளிதன்று. நெல் திட்டம் அதைச் செய்தது.

இதற்கிடையே அமெரிக்க விதை நிறுவனமான மான்சாண்டோ 2000-இல் தன்னிடம் இருந்த முன்வரைவுத் தரவைப் பன்னாட்டுக் குழுவுக்குத் தந்தது. தனியாரே தருகிறபோது அரசுப் பணம் எதற்கு என்ற கேள்வி அப்போது எழாமல் இல்லை. முன்வரைவில் இடைவெளிகளும் பிழைகளும் இருந்தன. இடைவெளிகளை அடைத்து முடிக்கும் சலிப்பான வேலைக்குப் பொதுப் பணம்தான் வந்தது. 2005 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வெளிவந்த முடிவில், 38.9 கோடி எழுத்துகள் கொண்ட நெல் மரபணுத்தொகுதியின் 95 விழுக்காடு துல்லியமாக வரிசைப்படுத்தப்பட்டிருந்தது. 11-ஆம் குரோமோசோம் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் செறிந்தது என்பதும் தெரியவந்தது. தஞ்சை உழவரையும் வாட்டும் குலைநோய்க்கு எதிரான பி.ஐ.54 மரபணுவை இந்திய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்தது இதே குரோமோசோமிலிருந்துதான்.

நெல்லுக்குப் பிறகு?

தக்காளியில் இந்தியா ஏற்றது 5-ஆம் குரோமோசோம். 14 நாடுகள் சேர்ந்த அந்தத் திட்டத்தின் முடிவு 2012 மே மாதத்தில் வெளியானது. கோதுமையில் 2ஏ குரோமோசோம் இந்தியாவின் பங்கு. அதன் முழுமையான வரிசை 2018 ஆகஸ்டில் வந்தது. புற்றுநோயில், 2008-இல் உருவான பன்னாட்டுப் புற்றுநோய் மரபணுத்தொகுதிக் கூட்டமைப்பு 25,000 கட்டிகளை ஆராய இலக்கு வைத்தபோது, ஒவ்வொரு நாடும் தன் செலவில் ஒரு புற்றுநோயை ஏற்க வேண்டும் என்பதே அதன் முறையாக இருந்தது. இந்தியா தேர்ந்தது வாய்ப்புற்றுநோய். புகையிலை மெல்லும் பழக்கம் மிகுந்த நாட்டில், கன்னத்தின் உட்புறத்திலும் ஈறிலும் வரும் புற்றை எடுத்தது சரியான தேர்வு என்பேன். மற்ற நாடுகள் அதற்கு முன்னுரிமை தந்திருக்க வாய்ப்பில்லை. கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுத்தொகுதியியல் நிறுவனமும், நவி மும்பையில் உள்ள டாடா நினைவு மையத்தின் ஆய்வுப் பிரிவும் உயிரித் தொழில்நுட்பத் துறையின் பணத்தில் இதைச் செய்து, 2013-இல் முதல் முடிவுகளை வெளியிட்டன.

இன்று ஓர் இந்திய ஆய்வாளர் வெளிநாட்டுக் கூட்டாளியோடு சேர்ந்து நிதி கேட்பது எப்படி?

பெரும்பாலும் 'கூட்டு அழைப்பு' வழியாக. உயிரித் தொழில்நுட்பத் துறை, அறிவியல் தொழில்நுட்பத் துறை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் போன்ற ஓர் அமைப்பு, வேற்று நாட்டின் இணையான ஓர் அமைப்போடு உடன்பாடு செய்துகொண்டு, குறிப்பிட்ட தலைப்பில் விண்ணப்பங்களை வரவேற்கும். இரு நாட்டு ஆய்வாளர்களும் ஒரே ஆய்வுத் திட்டத்தை எழுதி, அவரவர் நாட்டு அமைப்பில் தனித்தனியே விண்ணப்பிப்பார்கள். இரு பக்கமும் மதிப்பிட்டு, இரு பக்கமும் ஏற்றால்தான் திட்டம் நிறைவேறும். ஒரு பக்கம் மட்டும் ஏற்றுக்கொண்ட திட்டம் ஒற்றைச் சக்கர வண்டிதான். பிறகு இந்தியரின் செலவை இந்திய அமைப்பும் அயல்நாட்டவரின் செலவை அவருடைய அமைப்பும் ஏற்கும். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையும் இப்போது இந்த வரிசையில் நிற்கிறது.

எழுதும்போது பலரும் கவனிக்காத இடம் நிதியாண்டு. இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது. அமெரிக்கக் கூட்டரசில் அக்டோபர் 1-இல். ஜெர்மனியில் ஜனவரி 1-இல். கூட்டாளி தன் பணத்தில் ஆளெடுத்து மாதிரி சேகரிக்கத் தயாராக இருக்கையில், நம் பக்கத்தில் மார்ச் 31-க்குப் பிறகு பயன்பாட்டுச் சான்றிதழும் செலவு அறிக்கையும் அனுப்பி அடுத்த தவணைக்குக் காத்திருப்போம். முதலாண்டுத் தவணை முழுதாகச் செலவாகாமல் நின்றால் இரண்டாமாண்டுத் தொகை குறையும் அல்லது தள்ளிப்போகும். ஆகவே கால அட்டவணையை எழுதும்போது முதல் ஆறு மாதத்தில் வேதிப்பொருள் கொள்முதலையும் நெறிமுறைக் குழு ஒப்புதலையும் மட்டும் வைத்து, மாதிரி வரிசைப்படுத்தலை அதற்குப் பின் தள்ளுவது நல்லது.

மாநிலக் கல்லூரி அல்லது மாநிலப் பல்கலைக்கழக ஆசிரியருக்கு இதில் இடம் உண்டா?

உண்டு. அழைப்பின் தகுதி விதிகளில் அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பொதுவாக இடம்பெறும். வரிசைப்படுத்தும் எந்திரம் தம்மிடம் இல்லையே என்று தயங்குவது தேவையற்றது. வரிசைப்படுத்தலை வெளியே கட்டணம் கொடுத்துச் செய்துகொள்ள நிதியில் இடம் இருக்கும். கல்லூரி ஒன்று கூட்டுத் திட்டத்துக்குத் தரக்கூடிய மதிப்புள்ள பங்கு வேறு: நன்கு ஆவணப்படுத்திய மாதிரி. எந்த ஊர், எந்த ரகம், எந்த நோய், எத்தனை ஆண்டுத் தொடர் கவனிப்பு என்ற விவரமில்லாத டி.என்.ஏ., பெயர் ஒட்டாத மருந்துப் புட்டியைப் போன்றது.

வெளிநாட்டு அரசின் பணத்தை நேரடியாகவே வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் வழி குறுகியது. தனியார் அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவான ஆய்வு நிறுவனம் வெளிநாட்டுப் பணம் பெற, 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். 2020-இல் வந்த திருத்தம், அப்படிப் பெற்ற பணத்தை மற்றொரு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுப்பதைத் தடை செய்துவிட்டது. பணம் வந்து சேர வேண்டிய கணக்கும் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் இருக்க வேண்டும். பல மையங்களில் மாதிரி சேகரிக்கும் மரபணு ஆய்வில் ஒரு நிறுவனம் பணம் பெற்று மற்றவற்றுக்குப் பகிர்ந்தளிப்பதே வழக்கமாக இருந்ததால், இந்தத் தடை இத்துறையில் உறைக்கவே செய்தது. உடல்நலம் சார்ந்த ஆய்வு என்றால், வெளிநாட்டு நிதியோ கூட்டாளியோ இருக்கும் எந்தத் திட்டமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வழியாகச் செயல்படும் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவின் ஒப்புதலையும் பெற வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 'ஹொரைசன் யூரோப்' என்ற ஆய்வு நிதித் திட்டத்தில் இந்திய நிறுவனம் கூட்டாளியாகச் சேரலாம். ஆனால் ஒன்றியத்தின் பணம் இந்தியருக்குத் தானாக வராது. இந்திய அரசு இணையான நிதி தரும் தலைப்புகளில், அல்லது அழைப்பிலேயே இந்தியர் நிதிபெறத் தகுதியுள்ளவர் என்று எழுதியிருக்கும் இடங்களில்தான் வழி உண்டு.

திட்டம் பாதியில் இருக்கும்போது கூட்டாளி நாடு பணத்தை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்?

இது கற்பனைக் கேள்வி அன்று. பிரிட்டன் தன் ஆய்வு நிதியின் ஒரு பகுதியை வெளிநாட்டு வளர்ச்சி உதவிக் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்துவந்தது. 2014 முதல் இந்தியாவோடு நடந்த நியூட்டன்-பாபா நிதி அப்படிப்பட்டது. 2021-இல் அந்நாட்டு அரசு வளர்ச்சி உதவியைச் சுருக்கியபோது, அதன் தேசிய ஆய்வு நிதி அமைப்பு, ஏற்கெனவே ஒப்புக்கொண்ட திட்டங்களுக்கே 12 கோடி பவுண்டு பற்றாக்குறை ஏற்பட்டிருப்பதாக அறிவித்தது. நடந்துகொண்டிருந்த திட்டங்கள் பல குறைக்கப்பட்டன, சில நின்றன.

2025 மே 1 அன்று அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்கள், வெளிநாட்டு நிறுவனத்துக்குத் துணை நிதி பிரித்துத் தரும் விண்ணப்பங்களுக்கு, புதிய முறை ஒன்று அமையும்வரை நிதி வழங்கப்போவதில்லை என்று அறிவித்தன. அதுவரை இத்தகைய துணை நிதியில், அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று பணத்தைப் பெற்று, அதில் ஒரு பங்கை வேற்று நாட்டுக் கூட்டாளிக்கு அனுப்புவதே நடைமுறை. வெளிநாட்டுக் கூட்டாளிகளுக்கு நேரடியாகத் தனி நிதி வழங்கி, அதை முதன்மைத் திட்டத்தோடு இணைத்துக் கண்காணிப்பது புதிய முறையின் நோக்கம். போகும் பணத்தைக் கண்காணிக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் மாற்று வழி திறக்கும் முன்பே பழைய வழியை மூடினால், ஆய்வகக் குளிர்பெட்டியில் இருக்கும் மாதிரியும் மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் திட்ட உதவியாளரும் நடுவில் நிற்பார்கள்.

அவரவர் செலவை அவரவர் ஏற்கும் நெல் திட்ட முறையின் வலிமை இங்கேதான் தெரிகிறது. அங்கே ஒரு நாடு விலகினால் அதன் துண்டை மற்றொரு நாடு ஏற்றுக்கொள்ளலாம். எவருடைய ஆய்வகமும் இருண்டுவிடாது. பிறர் பணத்தில் மட்டும் நிற்கும் திட்டத்துக்கு அந்தக் காப்பு இல்லை.

மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாமா?

மனித மாதிரி என்றால் நெறிமுறைக் குழு ஒப்புதல், மாதிரி தந்தவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், மேலே சொன்ன பரிசீலனைக் குழுவின் அனுமதி, மாதிரிப் பரிமாற்ற ஒப்பந்தம் ஆகியவை வேண்டும். மாதிரி தந்தவரின் ஒப்புதல் படிவத்தில் 'மரபணுத் தரவு வெளிநாட்டு ஆய்வாளர்களோடு பகிரப்படலாம்' என்ற வரி முதலிலேயே இல்லாவிட்டால், பின்னால் எந்த ஒப்பந்தமும் அதை ஈடுசெய்யாது.

செடி, விலங்கு, நுண்ணுயிர் என்றால் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் வருகிறது. அதை நடைமுறைப்படுத்தும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. வெளிநாட்டவர் இந்திய உயிரி வளத்தைப் பெறவும், ஆய்வு முடிவுகளை அவர்களுக்கு மாற்றிக்கொடுக்கவும் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. ஆனால் மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளுக்கு உட்பட்டு அரசின் ஒப்புதல் பெற்ற கூட்டு ஆய்வுத் திட்டங்களுக்குச் சட்டமே விலக்கு அளிக்கிறது. அரசு நிதியோடு நடக்கும் கூட்டு அழைப்புகளின் பெரிய நன்மைகளில் இதுவும் ஒன்று. பணத்தோடு அனுமதிப் பாதையும் கொஞ்சம் சீராகிறது.

வரி கட்டுபவர் பணத்தில் கிடைத்த தரவை உலகமே இலவசமாக எடுத்துக்கொள்ள விடுவது ஏன்?

1996 பிப்ரவரியில் பெர்முடாவில் கூடிய மனித மரபணுத்தொகுதித் திட்டத்தினர், வரிசைத் தரவை 24 மணி நேரத்துக்குள் பொதுத் தரவுத்தளத்தில் வெளியிடுவது என்று முடிவு செய்தார்கள். பெருந்தன்மை மட்டுமே இதற்குக் காரணம் அன்று. எவரும் முதலில் காப்புரிமை கோரிவிடாமல் தடுக்கவும், ஒரே துண்டை இரண்டு நாடுகள் இரட்டைச் செலவில் செய்யாமல் பார்த்துக்கொள்ளவும் இதைவிட நல்ல வழி இல்லை. நிதி தந்த அமைப்புகளும் அதை நிபந்தனையாகவே வைத்தன.

நெல்லுக்குப் பொருந்திய இந்த விதி மனிதருக்கு அப்படியே பொருந்துவதில்லை. பெயரை நீக்கினாலும் மரபணுத்தொகுதி ஒருவரை அடையாளம் காட்டிவிடக்கூடியது. ஆகவே இப்போது அணுகல் கட்டுப்பாட்டுடன் கூடிய பகிர்வு வழக்கமாகியிருக்கிறது. இந்தியாவில் 83 மக்கள் கூட்டங்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரை வரிசைப்படுத்திய ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு, ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் இருக்கிறது. 2025 ஜனவரி முதல் விதிமுறைகளுக்கு உட்பட்டு ஆய்வாளர்கள் அதை விண்ணப்பித்துப் பெறலாம். இந்த முறையில் அரசுப் பணம் முழுக்க உள்நாட்டினது, தரவும் உள்நாட்டில், வெளியாருக்கு வாசல் ஒன்று உண்டு.

பெரிய நாடுகள் இதே திசையில் இன்னும் கடுமையாகப் போகின்றன. சீனாவில் 2019 முதல் மனித மரபு வளங்களுக்கான தனி ஒழுங்குமுறை நடப்பில் இருக்கிறது. அமெரிக்கா 2025 ஏப்ரலில், சீனா, ரஷ்யா, ஈரான் உள்ளிட்ட சில நாடுகளுக்குத் தன் மக்களின் மரபணுத் தரவு மொத்தமாகச் செல்வதைக் கட்டுப்படுத்தும் விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. எல்லை தாண்டிக்கொண்டிருந்த தரவுக்கும் இப்போது சுங்கச்சாவடி வந்துவிட்டது.

ஏழை நாடுகள் மாதிரி தருவதும் பணக்கார நாடுகள் கட்டுரை எழுதுவதும்தானே நடக்கிறது?

நெடுங்காலம் அப்படித்தான் நடந்தது. அதை மாற்ற எடுத்த முயற்சிகளில் கவனிக்கத்தக்கது, ஆப்பிரிக்க மக்களின் மரபணுத்தொகுதியை ஆராய்ந்த 'எச்3 ஆப்பிரிக்கா' திட்டம். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களும் வெல்கமும் பணம் தந்தன. ஆனால் முதன்மை ஆய்வாளரும் நிதி பெறும் நிறுவனமும் ஆப்பிரிக்காவிலேயே இருக்க வேண்டும், மாதிரிக் களஞ்சியங்களும் அந்தக் கண்டத்திலேயே அமைய வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2020-இல் 50 மக்கள் இனங்களைச் சேர்ந்த 426 பேரை ஆராய்ந்து, அதுவரை பதிவாகாத 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றங்களை அவர்கள் வெளியிட்டார்கள். ஆனாலும் பணம் வெளியிலிருந்து வந்தது. பத்தாண்டு நிதிக்காலம் 2022-இல் முடிந்தபோது, அடுத்து எந்த ஆப்பிரிக்க அரசு ஏற்கும் என்ற கேள்வி எழுந்தது.

தரவு எப்படியும் பொதுவில் வரும் என்றால், பணம் போடாமல் காத்திருந்து எடுத்துக்கொள்வதில் என்ன நட்டம்?

தரவைப் பொறுத்தவரை நட்டமே இல்லை. இதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மனித மரபணுத்தொகுதியில் ஓர் எழுத்தைக்கூட வரிசைப்படுத்தாத இந்தியர்கள் அதே நாளில் அதே தரவைப் படித்தார்கள்.

கைத்தொழிலில்தான் வேறுபாடு. 1999-இல் வெறும் 1 விழுக்காட்டை ஏற்ற சீனா, அந்த வேலைக்காகக் கட்டிய ஆய்வகத்தைக் கொண்டே 2002-இல் இண்டிகா என்ற நெல் வகையின் மரபணுத்தொகுதி முன்வரைவை வெளியிட்டது; அதே காலத்தில் மனித மரபு வேறுபாடுகளை வரைபடமாக்கிய பன்னாட்டு 'ஹாப்மேப்' திட்டத்தில் அதன் பங்கு 10 விழுக்காடு. இந்தியாவில் நெல்லுக்காக 2000-இல் எந்திரம் வாங்கி ஆளைப் பழக்கிய தில்லித் தெற்கு வளாகமும் தாவர உயிரித் தொழில்நுட்ப மையமும்தான், தக்காளியின் 5-ஆம் குரோமோசோமிலும் கோதுமையின் 2ஏ குரோமோசோமிலும் மீண்டும் உட்கார்ந்து வேலை செய்தன.